வாஷர் இல்லாத கிரேன்

அத்தியாயம் 3

"வாஷரைக்கூட விடலய்யா அந்த நாய்," என்றார் எர்னஸ்ட் கட்ஃபோர்த். "ஒண்ணுத்துக்கும் பெறாத வாஷர். அதையும் அள்ளிக்கிட்டுப் போயிருக்கான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை சிரில் ஓட்லிங் பார்த்தார். அழுகிற ஆளை அவர் உடனே நம்புவதில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவன்தான் முதலில் அழுவான் என்பது அங்கே கற்ற படிப்பு. பள்ளிக்கூடத்துப் படிப்பு பதினாலு வயதோடு முடிந்துவிட்டது. வேலை முடிந்த பிறகு சால்ட்பி கடற்கரைத் தெருவில், கம்பளி நூல் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்து, கதவில் 'துப்பு விசாரணை' என்று எழுதிவைத்து உட்கார்ந்தார். கூட பெரில் டாபர். அதே பஸ்களில் கண்டக்டராக இருந்தவள். வயது ஐம்பத்தைந்து, வாய்க்கு மட்டும் பதினெட்டு.

நேற்று வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி வரை, மாடல் கட்டுகிறவர்கள் சங்கத்தின் போட்டி நடக்கிற மண்டபத்தில், இந்தப் பன்னிரண்டாம் எண் மேசையில் ஒரு கிரேன் நின்றது. மெக்கானோ கிரேன். துளை போட்ட பட்டை, தகடு, பித்தளைப் பல்சக்கரம் என்று பையன்கள் விளையாடுகிற அதே சாமான்தான். ஆனால் இந்த மண்டபத்தில் விளையாடுகிறவர்களில் அறுபது வயதுக்குக் கீழே ஒருத்தர் இல்லை. துறைமுகத்தில் கல் தூக்குகிற நிஜக் கிரேனை அப்படியே சுருக்கின மாதிரி, ஆறடிக் கை, மூவாயிரம் போல்ட். இரவு எல்லோரும் வழக்கப்படி அவரவர் மாடல் மேல் வெள்ளை விரிப்பைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள்.

காலை எட்டு மணிக்கு கட்ஃபோர்த் வந்து விரிப்பைத் தூக்கினால், கிரேன் இல்லை. பதினாறு தகரத் தட்டுகள் இருந்தன. பட்டை ஒரு தட்டு, தகடு ஒரு தட்டு, போல்ட் ஒரு தட்டு என்று அளவு பார்த்து அடுக்கியிருந்தது. உடைக்கவில்லை, வளைக்கவில்லை, ஒரு கீறல் இல்லை. பிரித்து வைத்திருந்தது.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் ஓட்லிங்.

"பொம்மையான்னு கேட்டுச் சிரிச்சாங்க."

"அடக்க முடியாம இருந்திருக்கும், பாவம்," என்றாள் பெரில்.

கட்ஃபோர்த் அவளை முறைத்தார். எழுபத்தாறு வயது, எரிவாயுக் குழாய் போடுகிற வேலையில் இருந்தவர், பெரிய கை. "இங்க பாருங்க. நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ஓடுற நிலையில எது நிக்குதோ அதுக்குத்தான் ஓட்டு. ரெண்டு வருஷம் நான்தான் ஜெயிச்சேன். மூணாவது தடவை ஜெயிச்சா வெள்ளிக் கோப்பை எனக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டியதில்ல. அது பொறுக்காம எவனோ பண்ணியிருக்கான். எவன்னு சொல்லுங்க. இந்தச் சங்கத்துல மட்டுமில்ல, இந்தக் கடற்கரையிலயே அவன் தலைகாட்டக் கூடாது. ஜெயில்ல வெச்சுப் பார்க்கணும் நான்."

சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். முதல் தட்டிலிருந்து நாலு பட்டையை எடுத்து அடித்தளத்தைப் பூட்ட ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரர் உதவிக்குக் கை நீட்டினார். "தொடாத," என்றார் கட்ஃபோர்த்.

பக்கத்து மேசைக்காரர் ரெஜ் பிளான்சர்ட். ஓய்வு பெற்ற பல் வைத்தியர். இரண்டு வருஷமும் கட்ஃபோர்த்துக்கு அடுத்தபடி இரண்டாவதாக வந்தவர். ஓட்லிங் அவரைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். யாராக இருந்தாலும் அவரைத்தான் சந்தேகப்படுவார்கள், அது ஓட்லிங்குக்கே பிடிக்கவில்லை.

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"

"விடுதியில. என் பொண்டாட்டி குறட்டை விடுறதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். வேணும்னா அவளையே கேளுங்க, குறட்டை விடலன்னுதான் சொல்லுவா." பிளான்சர்ட் தன் மேசையிலிருந்த கப்பல் எந்திர மாடலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பேசினார். "நான் அந்த கிரேனைத் தோக்கடிக்கணும்னு நினைச்சவன். தோக்கடிக்கணும்னா அது நிக்கணும் இல்ல? இப்ப ஜெயிச்சாலும், இவன் கிரேன் இல்லாததாலதான் ஜெயிச்சேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவான்."

அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதாலேயே ஓட்லிங் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

"வாஷர் எதுக்குத் திருடுவான் ஒருத்தன்?"

"அதான் எனக்கும் புரியல. இன்னிக்குக் காலையில இந்தாளுக்கு நான்தான் என் டப்பாவுலயிருந்து ஒரு பிடி கொடுத்தேன். அது இல்லாம கட்டவே முடியாது. ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் பின்னால ஒண்ணு ரெண்டு போடணும், இல்லன்னா தகட்டோட உரசும். அந்த கிரேன்ல முந்நூறாவது இருந்திருக்கும்."

"முந்நூறுன்னு எப்படித் தெரியும்?"

"சும்மா ஒரு மதிப்புதான். வாஷரை யாரும் எண்ணமாட்டாங்க." பிளான்சர்ட் மேசைக்கடியிலிருந்து சங்கத்தின் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஐந்து வருஷத்துக்கு முந்தையது. 'எர்னஸ்ட் கட்ஃபோர்த்தின் கிரேன்' என்று படம், கீழே வேண்டிய சாமான்களின் பட்டியல். "பாருங்க. பட்டை எத்தனை, தகடு எத்தனை, போல்ட் எத்தனை, எல்லாம் சுத்தமா இருக்கும். வாஷர்னு வந்தா எழுதுறதே இல்ல. அது எல்லார் டப்பாவுலயும் கிடக்கும். இந்த உப்பு மாதிரி."

ஓட்லிங் பத்திரிகையை வாங்கி மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை.

"இன்னொண்ணு. பிரிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

பிளான்சர்ட் பத்து போல்ட் பூட்டிய ஒரு துண்டையும், ஸ்பேனரையும், திருப்புளியையும் பெரிலிடம் கொடுத்தார். ஓட்லிங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரில் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு திருகினாள். இரண்டு நட்டு தரையில் உருண்டது. ஒரு நகம் உடைந்தது.

"மூணரை நிமிஷம்," என்றார் ஓட்லிங்.

"என் கடைவாய்ப் பல்லை இவர் மாதிரி ஒருத்தர் அதைவிடச் சீக்கிரம் பிடுங்கினார்," என்றாள் பெரில். "வலியும் கம்மி."

பிளான்சர்ட் இன்னொரு துண்டை எடுத்துத் தானே பிரித்துக் காட்டினார். ஐம்பது வருஷப் பழக்கம். இரண்டரை நிமிஷம் ஆயிற்று.

ஓட்லிங் பெரிலை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். வெளியே கடல் காற்று அடித்தது, மழை தூறியது. ஜூலை மாதம்தான், பெயருக்குக் கோடை.

"மூவாயிரம் போல்ட். கணக்குப் போடு."

பெரில் டிக்கெட் கிழித்த கை. கணக்கு அவளுக்கு வாயிலேயே வரும். "பன்னிரண்டரை மணி நேரம். ஒண்ணுக்குக்கூட எழுந்து போகாம. அப்புறம் அடுக்குறதுக்கு வேற."

"மண்டபம் ஒன்பது மணிக்குப் பூட்டினாங்க. காலையில ஆறு மணிக்குத் திறந்தாங்க. எதிர் வீட்டுலதான் காவல்காரன் இருக்கான். ராத்திரி முழுக்க உள்ள வெளிச்சமே இல்லன்னு சொல்றான்."

"அப்ப நாலஞ்சு பேர் சேர்ந்து இருட்டுல தடவித் தடவிப் பிரிச்சிருக்காங்களா? இந்த வயசுல தடவினா போல்ட் கிடைக்காது பெரியவரே, மாரடைப்புதான் கிடைக்கும்."

"யாருமே பிரிக்கல," என்றார் ஓட்லிங்.

பெரில் உடைந்த நகத்தைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"தட்டுல இருக்கறது அந்த கிரேன் இல்ல, பெரில். அது வேற சாமான். யாரோ பத்திரிகையில வந்த பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு, ஒண்ணொண்ணா வாங்கிச் சேர்த்து, தட்டுல அடுக்கிக் கொண்டாந்து வெச்சிருக்காங்க. பட்டியல்ல எதெல்லாம் இருக்கோ அதெல்லாம் தட்டுல இருக்கு. பட்டியல்ல வாஷர் இல்ல. தட்டுலயும் இல்ல."

"தன்னோட சாமான் இல்லன்னு அந்தாளுக்கே தெரியலையே."

"எல்லாமே அதே சிவப்பு, அதே பச்சை. அந்தாளு அழுதுக்கிட்டே பார்த்தாரு. அழுறவன் எங்க ஒழுங்காப் பார்க்கப் போறான்?" ஓட்லிங் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார். "இன்னொண்ணு கவனி. மாடல் கட்டுறவன் எவனா இருந்தாலும் கேட்காமலே ஒரு பிடி வாஷரை அள்ளிப் போட்டிருப்பான். அதனால இதைச் செஞ்சது கட்டுற ஆள் இல்ல. வாழ்க்கையில ஒரு போல்ட்கூட முடுக்காத ஆளு."

மண்டபத்தின் ஓரத்தில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்று போட்டிருந்தார்கள். கடைக்காரன் பெயர் லெஸ்லி ஹார்ன்பி. பன்றிக்கறிப் பண்டம் ஒன்றைக் கடித்துக்கொண்டு, துருப்பிடித்த தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

"நாலஞ்சு வருஷமா உங்கிட்ட நிறைய வாங்கிட்டு, ஒரு வாஷர்கூட வாங்காத ஆள் யாரு?" என்று கேட்டார் ஓட்லிங்.

ஹார்ன்பி மெல்லுவதை நிறுத்தினான். "இது என்ன கேள்வி?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒருத்தங்க இருக்காங்க. பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல. கையில காகிதம் வெச்சுக்கிட்டு, பென்சில்ல அடிச்சு அடிச்சு வாங்குவாங்க. வாஷர் வேணாமாம்மான்னு நான்கூடக் கேட்டேன். இந்தக் காகிதத்துல இல்லையே கண்ணுன்னு சொன்னாங்க. புருஷன் ஞாபகத்துக்கு வாங்கறாங்கன்னு நினைச்சேன். நல்லா கட்டுவாரு அந்த மனுஷன்."

"யாரு?"

ஹார்ன்பி கையிலிருந்த பண்டத்தால் மண்டபத்தின் மறு கோடியைக் காட்டினான். அங்கே வெந்நீர்ப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மேவிஸ் மால்ட்பி வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுபது வயது, ஒல்லி, பூப்போட்ட ஏப்ரன். சங்கத்தின் தேநீர்க் கவுண்டரை அவர்தான் கவனித்தார். அடுப்புப் பற்றவைக்கக் காலை ஆறு மணிக்கு மண்டபத்தைத் திறக்கிறவரும் அவர்தான்.

"சர்க்கரை எத்தனை கண்ணு?" என்றார் மேவிஸ்.

"கிரேன் எங்கம்மா?" என்றார் ஓட்லிங்.

மேவிஸ் கோப்பை ஒன்றை எடுத்தார். விளிம்பு வரை நிரப்பி, பாலை விட்டு, ஓட்லிங் பக்கம் நகர்த்தினார். "முப்பத்தொண்ணாம் எண் மேசையில. குடிச்சிட்டுப் போய்ப் பாருங்க, ஆறிடும்."

ஓட்லிங் திரும்பிப் பார்த்தார். மண்டபத்தின் நட்டநடுவில், கட்ஃபோர்த் உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்த இடத்திலிருந்து இருபது அடியில், ஒரு மேசை மட்டும் இன்னும் விரிப்போடு நின்றது. மேலே ஒரு அட்டை: 'உரிமையாளர் வந்துகொண்டிருக்கிறார்.' காலையிலிருந்து நூறு பேர் அதைச் சுற்றிப் போய் வந்திருந்தார்கள். ஒருத்தனும் விரிப்பைத் தூக்கவில்லை. இந்தச் சங்கத்தில் அடுத்தவன் விரிப்பைத் தூக்குவது அடுத்தவன் சட்டைப் பையில் கைவிடுவதைவிட மோசம். பத்து வருஷத்துக்கு முன்னால் அப்படித் தூக்கின ஒருத்தனை வெளியேற்றிவிட்டார்களாம்.

பெரில் நேரே போனாள். "நான்தான் மெம்பர் இல்லையே," என்று சொல்லி ஒரு ஓரத்தைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"முழுசா இருக்கு. சுத்தி அட்டைப் பெட்டியெல்லாம் அடுக்கி உருவம் தெரியாமப் பண்ணியிருக்காங்க. ஒரு நட்டுகூடக் கழலல."

"இந்த மேசையெல்லாம் ஒரே மாதிரி, காலுல உருளை," என்றார் மேவிஸ். "தள்ளினா பாட்டுக்குப் போகும். முப்பத்தொண்ணுக்கு வர வேண்டியவர் கார் கெட்டுப்போச்சுன்னு நேத்து சாயங்காலம் போன் பண்ணினாரு. போன் இருக்கறது என் கவுண்டர்ல. நான் யாருக்கும் சொல்லல. காலையில ஆறு மணிக்கு வந்து அந்தக் காலி மேசையையும் கிரேன் மேசையையும் இடம் மாத்தி, காலி மேசையில தட்டை அடுக்கி விரிப்பைப் போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகல."

"அஞ்சு வருஷம் வாங்கிச் சேர்த்திருக்கீங்க."

"வேற வேலை என்ன எனக்கு."

ஏன் என்று ஓட்லிங் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும், கேட்காமல் இருந்தால் சில சமயம் நிஜம் வரும். மேவிஸ் அடுத்த கோப்பையைத் துடைத்தார்.

"என் வீட்டுக்காரர் ஆர்தர் ஒரு தறி கட்டினாரு. நிஜமா துணி நெய்யும். ஏழு வருஷம் எங்க சாப்பாட்டு மேசை மேலதான் இருந்துச்சு, நாங்க மடியில தட்டு வெச்சுத்தான் சாப்பிட்டோம். அவர் போனப்புறம் எர்னஸ்ட் வந்தாரு. வீட்டுல முன்னறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு அப்படியே காப்பாத்துறேன், ஆர்தர் பேரை எழுதி வைக்கிறேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. நான் சும்மாவே கொடுத்துட்டேன். மூணு மாசம் கழிச்சு, ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்னு போனேன். புகையிலை டப்பாவுல போல்ட் போல்ட்டா இருந்துச்சு. அந்த கிரேன்ல சுத்துதே பல்சக்கரம், அதெல்லாம் ஆர்தரோடது."

"சண்டை போடலையா?"

"சாமானை எங்க வெச்சா என்ன மேவிஸ், டீ இருக்கான்னு கேட்டாரு. அதுலயிருந்து பதினோரு வருஷமா டீ ஊத்தறேன்." அவர் முதல் தடவையாக ஓட்லிங்கை நேராகப் பார்த்தார். "நாளைக்கு நாலு மணி வரைக்கும் விடுங்க. அப்புறம் ஜெயிலுக்கு வேணாலும் அனுப்புங்க."

கதை நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற கதைகளை ஓட்லிங் முப்பது வருஷம் பஸ்ஸில் கேட்டிருக்கிறார். தேநீரை வைத்துவிட்டு நேரே கட்ஃபோர்த்திடம் போனார்.

கட்ஃபோர்த் அடித்தளத்தை முடித்துக் கோபுரத்தின் முதல் அடுக்கில் இருந்தார். விரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது.

"கண்டுபிடிச்சீங்களா?"

"ஒரு சின்ன விஷயம். ஆர்தர் மால்ட்பி கட்டின தறி உங்ககிட்ட இருந்துச்சாமே. அது என்னாச்சு?"

"அந்தத் தறியா?" கட்ஃபோர்த் தலையைத் தூக்கவில்லை. "அது எப்பவோ பிரிச்சாச்சு. ரேடியோவுல கிரிக்கெட் ஓடுச்சு, கேட்டுக்கிட்டே ஒரு வாரம் உக்காந்து பிரிச்சேன். அருமையான பல்சக்கரம்யா அதுல."

"வெச்சிருக்கேன்னு அந்தம்மாகிட்டச் சொன்னதா கேள்விப்பட்டேன்."

"சொல்லாட்டி கொடுத்திருப்பாளா? பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது. மாடல்னு தனியா ஒண்ணும் கிடையாது ஓட்லிங். எல்லாம் சாமான்தான். கட்டுறோம், பிரிக்கிறோம். ஒருத்தன் செத்தா அவன் சாமான் அடுத்தவனுக்கு. இதுல அழறதுக்கு என்ன இருக்கு?" அவர் திருப்புளியை ஆட்டினார். "அதை விடுங்க, என் விஷயத்துக்கு வாங்க. எவன் பண்ணினான்?"

ஓட்லிங் அந்தப் பதினாறு தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"மாடல்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் சாமான்தான்னா, உமக்கு ஒண்ணும் தொலையலையே. எல்லாம் இங்கதான் கிடக்கு," என்றார். "நாளைக்கு நாலு மணிக்கு மேல வந்து பேர் சொல்றேன்."

"ஏன், இப்பவே சொன்னா என்ன?"

"சரிபார்க்காம நான் எந்த டிக்கெட்டையும் கிழிக்கறதில்ல."

அன்று மாலை வரைக்கும் கட்ஃபோர்த் முடுக்கினார். ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்ததும் வந்து மறுபடி முடுக்கினார். இரண்டு தடவை பட்டையைத் தப்பாகப் பூட்டி, கெட்ட வார்த்தை சொல்லி, கழற்றி மாட்டினார். மேவிஸ் மூன்று தடவை அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார். "தேங்க்ஸ் மேவிஸ்," என்றார் அவர், மூன்று தடவையும் நிமிராமல்.

நாலு மணிக்கு மணி அடித்தார்கள். கட்ஃபோர்த்தின் மேசையில் கோபுரமும் பாதிக் கையும் நின்றது. ஓடவில்லை. கோப்பை பிளான்சர்டுக்குப் போயிற்று. பிளான்சர்ட் அதை வாங்கும்போது சந்தோஷப்பட வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்.

கைதட்டல் அடங்கியது. மேவிஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கவுண்டரை விட்டு வெளியே வந்தார். நேராக முப்பத்தொண்ணாம் மேசைக்குப் போய் விரிப்பை இழுத்தார். அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்தார்.

மண்டபத்தில் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கட்ஃபோர்த் மெதுவாக நடந்து வந்தார். கிரேனைத் தொட்டார், அதன் கையைச் சுற்றினார். அது வழவழவென்று சுற்றியது. திரும்பி மேவிஸைப் பார்த்த முகத்தில் முதலில் ஒன்றுமே புரியவில்லை. பிறகு புரிந்தது.

"நீயா? திருடி. ஓட்லிங், போலீஸைக் கூப்பிடுங்க."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?" என்றார் ஓட்லிங். "ஒரு மேசை இருபதடி நகர்ந்துச்சு. கிரேன் மண்டபத்தை விட்டுப் போகல. ஒரு போல்ட் குறையல. எண்ணிப் பாரும்."

"மறுபடியும் சிரிப்பாங்க," என்றாள் பெரில். "இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரிப்பேன்."

"அந்தத் தறியைக் காப்பாத்தறேன்னு சொல்லி வாங்கிட்டுப் போய், கிரிக்கெட் கேட்டுக்கிட்டே பிரிச்சியாமே எர்னஸ்ட்," என்றார் மேவிஸ். சத்தம் போடவில்லை. ஆனால் கடைசி மேசை வரைக்கும் கேட்டது. "ஆர்தர் ஏழு வருஷம் கட்டினதை. நான் உன்னோடதைப் பிரிக்கக்கூட இல்ல. ரெண்டு நாளு பிரிஞ்சு கிடக்குதுன்னு உன்னை நினைக்க வெச்சேன். அவ்வளவுதான்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆர்தரைத் தெரிந்தவர்கள் அங்கே முப்பது பேராவது இருந்தார்கள். ஒருத்தரும் கட்ஃபோர்த் பக்கம் நகரவில்லை. அவர் கிரேன் இருந்த மேசையின் விளிம்பைப் பிடித்தார், தள்ளிக்கொண்டு வெளியே போய்விடப் பார்த்தார்.

"நில்லு," என்றார் மேவிஸ். "அந்த மேசையில நீ ரெண்டு நாளா கட்டியிருக்கியே, அது என் சாமான். ஒவ்வொண்ணும் நான் வாங்கினது, லெஸ்லிகிட்டக் கேளு. எனக்குத் தட்டுல இருந்த மாதிரியே வேணும்."

கட்ஃபோர்த் பிளான்சர்டைப் பார்த்தார். பிளான்சர்ட் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேவிஸ் ஒரு நாற்காலியை இழுத்துவந்து பன்னிரண்டாம் மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மடியில் கையை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து கட்ஃபோர்த் திருப்புளியை எடுத்து, பாதிக் கையின் நுனியிலிருந்த முதல் போல்ட்டைக் கழற்றினார்.

"சின்னத் தட்டுல போடு," என்றார் மேவிஸ்.